தேயிலைப் பெட்டியில் அறுபத்து மூன்று கடிதங்கள்

2007 ஒக்டோபர் 8ஆம் திகதி, திங்கட்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு, வட்டவளைக்கு மேலேயுள்ள கல்லருவித் தோட்டத்துக் காரியாலயக் கணினியில் இயக்க முறைமையின் புதிய பதிப்பு ஏற்றப்பட்டது.

ஏற்றியவர் நிறுவனத்தின் கொழும்புத் தலைமையகத்திலிருந்து வந்த தொழில்நுட்ப அலுவலர். வேலை முடிந்ததும் ஒரு தேநீர் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். அவர் போய் இருபது நிமிடத்தில் கணினித் திரையின் நடுவே ஒரு சிவப்புக் கட்டம் தோன்றியது. பெரிய கிளாக்கர் பரமலிங்கம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தார். கணினியில் ஏற்கனவே இருந்த பாதுகாப்பு மென்பொருள் புதிய பதிப்பில் இயங்காது. கணினி இப்போது பாதுகாப்பற்ற நிலையில் இருக்கிறது. இவ்வளவுதான் எழுதியிருந்தது.

கிளாக்கர் அலுவலருக்குத் தொலைபேசி எடுத்தார். ஜீப் அப்போது கினிகத்தேனையைத் தாண்டிக்கொண்டிருந்தது. இயக்க முறைமையைப் புதுப்பிப்பது தன்னுடைய பிரிவு என்றும் பாதுகாப்பு மென்பொருள் மூன்றாம் மாடியிலுள்ள வேறு பிரிவு என்றும் அலுவலர் விளக்கினார். கணினி முன்னைவிட வேகமாக ஓடுகிறதா இல்லையா என்று கேட்டார். ஓடுகிறது என்றார் கிளாக்கர். அப்படியானால் தன் வேலை சரியாக முடிந்திருக்கிறது என்று அலுவலர் தொலைபேசியை வைத்தார்.

மூன்றாம் மாடியிலிருந்து பத்தாம் திகதி ஒரு சுற்றறிக்கை வந்தது. பாதுகாப்பற்ற கணினியை எவரும் தொடலாகாது. அணைப்பதும் தொடுவதாகவே கருதப்படும். எவரும் தொடாதிருப்பதை உறுதிசெய்ய நம்பிக்கையான ஊழியர் ஒருவரை மேசையருகே அமர்த்த வேண்டும்.

கல்லருவியில் நம்பிக்கையான ஊழியர் என்றால் காவல்காரர் சோலைமலைதான். இருபத்து நான்கு வருடமாகக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் உரக் காம்பராவுக்கும் காவல் இருந்தவர். அவர் காவலில் ஒரு மூடை உரம் குறைந்ததில்லை. காக்கிக் கோட்டும் கைத்தடியுமாக அவர் காரியாலயத்துக்குள் வந்து நின்றார். உள்ளே வந்து நிற்பது அதுவே முதல் தடவை. மற்ற நாட்களில் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்பார்.

"எதப் பாத்துக்கிட்டு இருக்கணுங்க கிளாக்கரய்யா?"

"வைரஸ் வரும் எண்டு சொல்லுகினம்."

"எந்தப் பக்கமிருந்து வருமுங்க?"

"ரெலிபோன் வயருக்குள்ளால."

சோலைமலை வயர் சுவருக்குள் நுழையும் இடத்தைப் பார்த்தார். பிறகு கைத்தடியைப் பார்த்தார்.

"நீர் வைரசைப் பிடிக்கத் தேவையில்லை" என்றார் பரமலிங்கம் சலிப்புடன். "எங்களைப் பிடிச்சாப் போதும்."

உட்கார இடம் இல்லை. மேசைக்கு முன்னிருந்த நாற்காலி, தளபாடப் பட்டியலில் கணினியோடு சேர்த்து எழுதப்பட்டிருந்தது. ஆகவே அதையும் தொடக்கூடாது. கிளாக்கர் மூலையில் கிடந்த தேயிலைப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டார்.

அந்தப் பெட்டிக்கு ஏற்கனவே வேறொரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயக் காம்பராக்களுக்கு இலக்கம் உண்டு, முகவரி கிடையாது. தோட்டத்தில் எவருக்குக் கடிதம் வந்தாலும் காரியாலயத்துக்குத்தான் வரும். முன்பெல்லாம் கிளாக்கர் அதைத் தடித்த புத்தகத்தில் பதிந்து, மலைவேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் கொடுப்பார். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணிப் பிரிக்கும்போது, கண்டாக்கையா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார். போன வருடம் தலைமையகம் இதை மாற்றியது. யாருக்கு எங்கிருந்து என்ன வருகிறது என்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கடிதத்தையும் கணினியில் பதிந்த பிறகே கொடுக்கலாம். தடித்த புத்தகம் வெள்ளைக்காரத் துரைமார் இருந்த பழைய பங்களாவுக்குப் போனது. அது இப்போது சுற்றுலா விடுதி. அங்கே புத்தகம் தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது. தொட வேண்டாம் என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது.

கணினியைத் தொட முடியாது என்றால் பதிய முடியாது. பதிய முடியாது என்றால் கொடுக்க முடியாது. ஒன்பதாம் திகதி வந்த நான்கு கடிதங்களைக் கிளாக்கர் தேயிலைப் பெட்டிக்குள் போட்டு, மூடியை ஆணியடித்து, அரக்கு முத்திரை வைத்தார். இனி வருவதைப் போட மூடியில் நீளமாக ஒரு துளை வெட்டினார். சோலைமலை அதன்மேல் உட்கார்ந்தார். தபால் வரும்போதெல்லாம் எழுந்து நின்றார்.

அவருக்கு ஒரே மகள், சுதர்ஷினி. உயர்தரம் சித்தியடைந்தவள். அவர்கள் குடியிருந்த ஏழாம் லயத்தில் அதுவரை யாரும் அவ்வளவு படித்ததில்லை. தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் எடுக்கிறார்கள் என்று ஜூலையில் விண்ணப்பித்திருந்தாள். நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

கணினியின் நிலைமையைத் தினமும் தலைமையகத்துக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. அறிவிப்பதற்கு அது பெரட்டில் சொல்லப்பட வேண்டும் என்று தோட்டத்தை நடத்தும் துரை முடிவு செய்தார். தோட்டத்தில் பெரட்டில் சொல்லப்படாத எதுவும் நடந்ததாகாது. அடுத்த நாளிலிருந்து கண்டாக்கையா காலை ஆறு மணிக்குக் கொழுந்துக்காரர், கவ்வாத்துக்காரர், புல்வெட்டு ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு முடித்தபின் பெரட்டுப் புத்தகத்தின் கடைசி வரிக்கு வருவார்.

"கம்பியூட்டரு?"

"இருக்குங்க. வேல செய்யலீங்க" என்பார் சோலைமலை.

கண்டாக்கையா அந்த வரியில், முழுநாள் வேலை செய்தவர்களுக்குப் போடுவதுபோல், ஒரு முழுக்கோடு போடுவார். முதல் நாள் கொழுந்துக்காரி காளியாயி எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க கண்டாக்கய்யா, வேல செய்யாத பொட்டிக்கி முழுப்பேரா? நமக்கு ரெண்டு கிலோ கொறஞ்சா அரப்பேரு போடுறீங்க."

"அது ஆபீசு ஸ்டாப்பு காளியாயி. ஒனக்கு வெளங்காது. போ, பதினோராம் நம்பர் மலைக்கி."

ஐப்பசி மழை பிடித்தது. காரியாலயக் கூரை கணினிக்கு நேர்மேலே ஒழுகியது. கிளாக்கர் தொலைபேசியில் சொன்ன மூன்றாம் நாள், லொறியில் பன்னிரண்டு புதுத் தகரம் வந்தது. ஏழாம் லயத்துக்காரர்கள் தகரம் கேட்டு 2003இல் மனுக் கொடுத்திருந்தார்கள். சோலைமலையின் காம்பராவில் மழை நாட்களில் மூன்று பாத்திரம் வைக்க வேண்டும். லொறி மேலேறிப் போவதை அவருடைய மனைவி வீரம்மா கொழுந்து மலையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பொட்டியத் தூக்கியாந்து நம்ம காம்பராவுல வச்சிருங்க" என்றாள் அன்று பின்னேரம். "நமக்கும் தகரம் வந்துரும்."

"தொடக்கூடாது புள்ள."

"அப்ப நம்மளத் தூக்கிக்கிட்டுப் போயி அங்கன வையிங்க."

தகரம் அடித்த வாரமே மின்சாரம் போனது. திரும்ப வந்தபோது திரை கறுப்பாகவே இருந்தது. சிவப்புக் கட்டம் மறைந்துவிட்டதால் கணினியைப் பாவிக்கலாமா என்று கிளாக்கர் கேட்டார். திரை கறுப்பாக இருப்பதால் ஆபத்து எவ்வளவு என்று இப்போது தெரியவில்லை, ஆகவே கூடுதல் அவதானம் தேவை என்று பதில் வந்தது. அன்றிலிருந்து சோலைமலை மதியச் சாப்பாட்டுக்கும் வீட்டுக்குப் போகவில்லை. வீரம்மா ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். பெட்டியின் மேல் உட்கார்ந்தே சாப்பிட்டார்.

பாதுகாப்பு மென்பொருளின் புதிய பதிப்பைத் தலைமையகம் தர மறுக்கவில்லை. விண்ணப்பித்தால் தருவார்கள். விண்ணப்பத்தைத் தோட்டத்துக் கணினி வழியாக அனுப்ப வேண்டும்.

நவம்பர் முதலாம் திகதி சுதர்ஷினியின் சிநேகிதி ஆர்த்திகா கொட்டகலையிலிருந்து வந்தாள். அவளுக்குக் கடிதம் கிடைத்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாள் போட்டிருக்கிறார்கள் என்றாள். அடுத்த நாள் சுதர்ஷினி பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய், நேர்முகப் பரீட்சை பற்றி விசாரிக்கும் காரியாலயத்தைக் கண்டுபிடித்தாள். கருமபீடத்தில் இருந்தவர் பட்டியலைப் பார்த்தார். பெயர் இருக்கிறது, கடிதம் ஒக்டோபரிலேயே அனுப்பியாகிவிட்டது என்றார்.

"எந்த நாளுன்னு சொல்லுங்க சேர்."

"கடிதத்தில போட்டிருக்கு தங்கச்சி."

"கடிதம் கைக்கி வரலீங்க. அதான் கேக்குறேன்."

"கடிதம் இல்லாமல் நாங்கள் எப்படி நாளைச் சொல்லுறது? அது அந்தரங்கத் தகவல். கடிதத்தைக் கொண்டுவாருங்கள், நாளைச் சொல்லுறோம்."

அவள் திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னாள். சோலைமலை மறுநாள் கிளாக்கரிடம் சொன்னார். பரமலிங்கம் பெட்டியை நீண்ட நேரம் பார்த்தார்.

"எனக்கும் அதுக்குள்ள ஒரு கடிதம் கிடக்கு சோலைமலை" என்றார். "அம்மா ஊரில படுத்த படுக்கை. தங்கச்சி எழுதியிருப்பாள். நான் திறக்கிறனே?"

"நீங்க தொறக்கலாமுங்களே. கிளாக்கருங்க."

"பென்சனுக்கு இன்னும் பதினாலு மாசம் கிடக்கு."

துரையிடம் போகச் சொன்னார். துரை தாழ்வாரத்தில் நின்று காலணியிலிருந்த அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டார். அவர் கெட்டவர் அல்ல. சோலைமலையின் மகள் படித்தவள் என்பது அவருக்குத் தெரியும். பரிசளிப்பு விழாவில் அவளுக்கு அகராதி கொடுத்தவர்.

"சோலைமலை, ஒனக்கு ஒரு பொட்டி தொறந்தா, நாளைக்கி எல்லாருக்கும் தொறக்கணும்."

"எல்லாருக்குந் தொறந்தா நல்லதுதானுங்க தொரை. அவுங்கவுங்க கடிதாசி."

"கடதாசி யாரோடதுங்கிறது இல்ல கேள்வி. பதிஞ்சதா, பதியலியா? நீதானே காவல்? காவல்காரனே பொட்டிய தொறக்கச் சொன்னா, நான் யார நம்புறது?"

சோலைமலைக்கு வெட்கமாக இருந்தது. தான் ஒரு திருட்டைப் பற்றிப் பேச வந்தவர்போல உணர்ந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

நவம்பர் 14ஆம் திகதி தலைமையகத்தின் பாதுகாப்பு முகாமையாளர் நேரில் வந்தார். எல்லோரையும் பெரட்டுக்களத்தில் நிறுத்தினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. முகாமையாளருக்கு மட்டும் குடை பிடித்தார்கள். அவர் சிங்களத்தில் பேசினார். அங்கே நின்ற அனைவருக்கும் சிங்களம் விளங்கும். ஆனாலும் மொழிபெயர்ப்பு இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால் பரமலிங்கம் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னார்.

"ஐயா சொல்லுறார், முப்பத்தேழு நாளா இந்தக் கணினிக்குள்ள ஒரு வைரசும் போகேல்லையாம்."

முகாமையாளர் குடைக்குள் நின்று தொடர்ந்தார்.

"மற்றத் தோட்டங்களில பாதுகாப்பு மென்பொருள் வேலை செய்யுதாம். வைரசும் வருகுதாம். இங்க மென்பொருள் வேலை செய்யேல்லை, வைரசும் வரேல்லை. ஏனெண்டு யோசிச்சுப் பாக்கட்டாம்."

"பொட்டிய ஒருத்தரும் தொடலியே" என்றாள் காளியாயி முன்வரிசையில் இருந்து. "அப்பறம் எங்கிட்டிருந்து வரும்?"

முகாமையாளருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். முகம் மலர்ந்தது. அந்தப் பெண்மணியைக் காட்டி உற்சாகமாகப் பேசினார்.

"ஐயா சொல்லுறார், அந்த அம்மா சரியா விளங்கிக்கொண்டிட்டாவாம். பாவிக்கிறதாலதான் ஆபத்து வருகுது. பாவிக்காட்டி நூறு வீதம் பாதுகாப்பு. தலைமையகம் கன வருசமாத் தேடின நிலைமை இதுதானாம். மற்றத் தோட்டங்களுக்கும் இதைக் கொண்டுபோக யோசிக்கினமாம்."

"எங்க கடிதாசிங்க?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. முகாமையாளர் அதற்கும் தயாராக இருந்தார்.

"கடிதங்களும் முழுப் பாதுகாப்பாம். இந்த முப்பத்தேழு நாளில ஒண்டுகூடத் துலையேல்லை. முந்தி உங்களிட்டக் குடுத்த காலத்தில வருசத்துக்கு ரெண்டு மூண்டு துலையுமாம்."

பிறகு முகாமையாளர் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைத் துரையிடம் கொடுத்தார். சோலைமலையைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். கை மென்மையாக இருந்தது. சோலைமலை தன் மகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் படம் எடுப்பவர் இருவரையும் சேர்ந்து நிற்கச் சொன்னார்.

சான்றிதழைக் கணினிக்கு மேலே சுவரில் மாட்ட வேண்டியிருந்தது. மேசையில் ஏறினால்தான் ஆணி அடிக்கலாம். மேசையில் ஏறுவது தொடுவதா என்று கேட்டுப் பதில் வராததால் அது கீழே சுவரில் சாத்திவைக்கப்பட்டது. எலி ஒரு மூலையைக் கடித்தது.

இருபதாம் திகதி பின்னேரம் சோலைமலை வீட்டுக்கு வந்தபோது சுதர்ஷினி வாசலில் விறகு உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னைக்கித் தபால் வந்துச்சாப்பா?"

"வந்துச்சு. ரெண்டு. உள்ள போட்டாச்சு."

"நீங்க எந்திரிச்சு நின்னீங்களா?"

"எந்திரிச்சாத்தானே போட முடியும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்க கம்பியூட்டருக்குக் காவல் இல்லப்பா. நம்ம கைக்கிக் கடிதாசி வந்துராமத்தான் காவல் இருக்கீங்க. அதுக்கு ஒங்களவிட நல்ல ஆளு அவுங்களுக்குக் கெடைக்காது. நம்மதான் நல்லாக் காவல் இருப்போம்."

வீரம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போனது.

21ஆம் திகதி புதன்கிழமை காலைப் பெரட்டில் கண்டாக்கையா எல்லோரையும் கூப்பிட்டு முடித்துக் கடைசி வரிக்கு வந்தார்.

"கம்பியூட்டரு?"

இரண்டாம் முறை கூப்பிட்டபோது சோலைமலை காரியாலயப் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். தோளில் தேயிலைப் பெட்டி இருந்தது. அதைப் பெரட்டுக்களத்தின் நடுவே இறக்கினார். கவ்வாத்துக்காரர் ஒருவரிடம் கைநீட்டி அவருடைய கத்தியை வாங்கினார். அரக்கு நொறுங்கியது. ஆணி ஒவ்வொன்றாகக் கிளம்பியது.

"சோலைமல, என்னா வேல செய்யிற?" என்றார் கண்டாக்கையா.

"கம்பியூட்டரு இருக்குங்க. நான் அதத் தொடலீங்க" என்றார் சோலைமலை. பிறகு முதல் கடிதத்தை எடுத்து, கண்டாக்கையா பெயர் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டார். "அழகம்மா, மூணாம் லயம்."

அழகம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து வாங்கினாள். குவைத்தில் வேலை செய்யும் மகள் எழுதியது. அடுத்தது அழகுமுத்துவுக்கு. கண்டி ஆஸ்பத்திரியில் அவருடைய கண்ணுக்குச் சத்திரசிகிச்சை, நவம்பர் ஆறாம் திகதி காலை எட்டு மணிக்கு வரவும் என்று இருந்தது. அவர் அதை நல்ல கண்ணுக்குக் கிட்டப் பிடித்து இரண்டு தரம் பார்த்தார். கடிதங்கள் கிடைக்காததைப் பற்றித் தொழிற்சங்கத்துக்கு முறையிட்டிருந்தார்கள். சங்கத்தின் பதிலும் பெட்டிக்குள் இருந்தது. மேலதிக விபரங்களை எழுத்தில் கேட்டிருந்தார்கள். சண்முகவடிவின் அண்ணன் பொகவந்தலாவையில் இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அவள் அழுதாள். பெரட்டு அப்படியே நின்றது, ஒருவரும் மலைக்குப் போகவில்லை.

சில உறைகளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சோலைமலை அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காரியாலயத்திலிருந்து பரமலிங்கம் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். உறைகளை வாங்கிப் பெயர்களைப் படித்துச் சொன்னார். தன்னுடையது வந்தபோது சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சுதர்ஷினியின் கடிதம் பாதிக்குக் கீழே கிடந்தது. ஒக்டோபர் 29ஆம் திகதித் தபால் முத்திரை. அவள் பெரட்டுக்களத்தின் ஓரத்தில் வந்து நின்றிருந்தாள். சோலைமலை பெயரைக் கூப்பிட்டார். அவள் வந்து வாங்கிப் பிரித்துப் படித்தாள்.

"என்னைக்கிடா?"

"பத்தொம்பதாந் திகதிப்பா. திங்கக்கெழம."

"இன்னைக்கி?"

"புதன்."

அவள் கடிதத்தை மடித்து மறுபடி உறைக்குள் வைத்தாள். மொத்தம் அறுபத்து மூன்று கடிதங்கள் இருந்தன. எல்லாம் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன.

டிசம்பர் ஐந்தாம் திகதி விசாரணை நடந்தது. பாதுகாப்பு முகாமையாளரே கொழும்பிலிருந்து வந்து நடத்தினார்.

"நீர் கணினியைத் தொட்டீரா?"

"இல்லீங்க."

"அந்தப் பெட்டியிலிருந்து ஏதாவது கடிதத்தை நீர் வைத்துக்கொண்டீரா?"

"இல்லீங்க. எல்லாம் குடுத்துட்டேன்."

"யாரிடம்?"

"அவுங்கவுங்க கிட்டத்தானுங்க."

முகாமையாளர் அதைக் கவனமாக எழுதிக்கொண்டார். குற்றப்பத்திரத்தில் ஒரே குற்றம் இருந்தது: கடிதங்களை உரியவர்களிடம் சேர்த்தமை. சாட்சிகளிடம் கேட்டபோது, ஆங்கில உறைகளை யார் படித்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. பரமலிங்கம் தான் அந்நேரம் உள்ளே கோவை அடுக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அவருடைய அம்மா நவம்பர் 11ஆம் திகதி இறந்திருந்தார்.

விசாரணை அறிக்கையின் கடைசிப் பகுதியில் முகாமையாளர் எழுதியிருந்தார்: பாதுகாப்பு மென்பொருள் இயங்காதிருந்த காலம் முழுவதிலும் வைரசினால் நிறுவனத்துக்கு எந்தப் பாதிப்பும் ஏற்படவில்லை. ஏற்பட்ட ஒரே பாதிப்பு ஊழியர் ஒருவரால் ஏற்பட்டது. இது மென்பொருளின் முக்கியத்துவம் பற்றிய எமது கருத்தை மாற்றவில்லை. ஊழியர்கள் பற்றிய எமது கருத்தை உறுதிப்படுத்துகிறது.

தீர்ப்பு தபாலில் வரும் என்றார்கள். தீர்ப்பு வரும்வரை சோலைமலை வேலையில் இருந்தார். காரியாலயத்தில் இரும்புப் பட்டை அடித்துப் பூட்டுப் போட்ட புதிய பெட்டி வைக்கப்பட்டது. சாவி கொழும்பில் இருந்தது. வேறு இடம் இல்லாததால் அவர் அதன்மேல் உட்கார்ந்தார். டிசம்பர் 15ஆம் திகதி தபால் வந்தபோது எழுந்து நின்றார். தலைமையகத்தின் முத்திரை குத்திய நீளமான உறை ஒன்று துளைக்குள் போனது. அவர் மறுபடி உட்கார்ந்தார்.

ஆசிரியர் நியமனத்துக்குக் கொட்டகலை ஆர்த்திகா தெரிவானாள். நேர்முகப் பரீட்சைக்குச் சமுகமளிக்காதவர்கள் விலகிக்கொண்டவர்களாகக் கருதப்பட்டார்கள். 2008 ஜனவரி 21ஆம் திகதி காலைப் பெரட்டில் கண்டாக்கையா புதிய பெயர் ஒன்றைக் கூப்பிட்டார். சுதர்ஷினி, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, பதினோராம் நம்பர் மலைக்குப் போனாள்.

பெப்ரவரி 11ஆம் திகதி, விண்ணப்பம் எதுவும் போகாமலே, கொழும்பிலிருந்து சாவியோடு வந்த அலுவலரால் கல்லருவித் தோட்டத்துக் கணினியில் பாதுகாப்பு மென்பொருளின் புதிய பதிப்பு ஏற்றப்பட்டது. திரையில் பச்சைக் கட்டம் தோன்றியது. பெட்டி திறக்கப்பட்டு, தலைமையகக் கடிதங்களுக்கு முன்னுரிமை என்ற விதிப்படி, முதலாவதாகச் சோலைமலையின் வேலைநீக்கக் கடிதம் பதியப்பட்டது. அது அன்று மாலை நான்கு மணிக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரிடம் கொடுக்கப்பட்டது.